டெலிமார்க் பனிச்சறுக்கு: குதிகாலில் ஒரு முறுக்குக் கட்டு போட்ட நார்வே குடியானவர்

காந்திபுரத்தில் கிளம்பிவிட்ட பஸ்ஸை ஹவாய் செருப்போடு துரத்தியவர்களுக்குத் தெரியும். நாலு எட்டு ஓடுவதற்குள் ஒரு செருப்பு பின்னால் கிடக்கும். விரலிடுக்கில் மட்டும்தான் பிடிமானம், குதிகாலில் எதுவும் இல்லை. மெதுவாக நடக்க அது போதும். ஓடவும் குதிக்கவும் போதாது. பின்பக்கம் வார் வைத்த சாண்டல் போட்டிருந்தால் ஒருவேளை பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில், நார்வேயில் பெரும்பாலான ஸ்கீ கட்டைகளின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். கட்டையில் ஒரு வளையம் இருக்கும். அதில் காலின் முன்பகுதியை நுழைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அந்த வளையத்தோடு குதிகாலைச் சுற்றி இன்னொரு கட்டைப் போட்டு, அதன் பிறகு வீட்டுக் கூரையிலிருந்தெல்லாம் குதித்துக் காட்டிய ஒரு மனுஷன் இருந்தார். பெயர் சோன்ட்ரே நோர்ஹெய்ம். நிலம் இல்லாத ஏழைக் குடியானவர். இன்று நவீன பனிச்சறுக்கின் தந்தை என்று அழைக்கப்படுபவர்.

குல்மார்க், மணாலி என்று ஸ்கீ கோர்ஸுக்குப் போய்வரும் நம்மூர்ப் பிள்ளைகள் இப்போது அதிகம். அங்கே வாடகைக்குக் கொடுப்பது பெரும்பாலும் குதிகாலையும் கட்டையோடு சேர்த்துப் பூட்டிவிடும் ஆல்பைன் வகை. ஆனால் ரீல்ஸில் வேறொரு வகையையும் பார்த்திருப்பீர்கள். சரிவில் இறங்குபவர் ஒரு காலை முன்னே வைத்து, பின்காலின் முழங்காலை மடக்கி, குதிகாலைத் தூக்கி, மண்டியிடுவதுபோல் வளைந்து திரும்புவார். அதுதான் டெலிமார்க் திருப்பம். அந்தப் பெயர் நோர்ஹெய்மின் சொந்த மாவட்டத்தின் பெயர்.

சாளையில் பிறந்தவர்

தெற்கு நார்வேயின் டெலிமார்க் மாவட்டத்தில், மோர்கெடால் என்ற மலைக் கிராமத்தில் 1825 ஜூன் 10-ல் சோன்ட்ரே பிறந்தார். குடும்பம் ஹுஸ்மன் வகுப்பைச் சேர்ந்தது. பண்ணைக்காரரின் நிலத்தில் ஒரு சின்னக் குடிலும் கொஞ்சம் விளைநிலமும் கிடைக்கும், பதிலுக்கு அவருடைய காட்டில் வேலை செய்து கொடுக்க வேண்டும். கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளையில் தங்கிப் பண்ணையம் பார்த்த குடும்பங்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். வீடு இருக்கும், ஆனால் சொந்தமில்லை.

1854-ல் ரன்னெய் என்ற பெண்ணை மணந்தார். பிள்ளைகள் பிறந்தார்கள். குடியிருந்த நோர்ஹெய்ம் என்ற குடிலின் பெயரே அவருக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. மர வேலை தெரியும் என்பதால் வயல் வேலையோடு அதையும் செய்தார். ஊருக்கு ஸ்கீ செய்து கொடுத்தார். ஆனால் பனி விழுந்துவிட்டால் வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய்விடுவார் என்பது அவரைப் பற்றி மோர்கெடாலில் வழிவழியாகச் சொல்லப்படும் பேச்சு. குடும்பம் கடைசி வரை கஷ்டத்திலேயே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ரன்னெய் இதைப் பற்றி என்ன நினைத்தார் என்று எந்த வாழ்க்கை வரலாறும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

அன்றைக்கு ஸ்கீ என்பது விளையாட்டுப் பொருள் இல்லை. மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும் ஊரில் விறகுக்கும் வேட்டைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போவதற்கான வண்டி. மேட்டில் ஏறி, சமதளத்தில் வழுக்கி நடந்து, பள்ளம் வந்தால் நேராக இறங்குவார்கள். பிரேக்குக்கு ஒரே ஒரு நீளக் கம்பு. அதைப் பின்னால் பனியில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொள்வார்கள். வெள்ளியங்கிரி இறங்கும்போது மூங்கில் தடியை நம்பி வருகிறோமே, அந்த மாதிரி. தடி இல்லாமல் இறங்கவோ, நினைத்த இடத்தில் திரும்பவோ முடியாது. ஏன் முடியாது? கால் கட்டையோடு சேர்ந்திருக்கவில்லை. காலைத் திருப்பினால் வளையத்துக்குள் கால் மட்டும் திரும்பும், கட்டை அதன் போக்கில் போகும்.

ஒரு கட்டு, ஒரு இடுப்பு

சோன்ட்ரே செய்தது கேட்பதற்கு ரொம்பச் சின்ன விஷயம். பிர்ச் வேர், வில்லோ மரத்தின் இளங்கிளை போன்றவற்றை ஊறவைத்து இளக்கி, கயிறு மாதிரி முறுக்கினார். முன்வளையத்தில் இருந்து புறப்பட்டு, குதிகாலைச் சுற்றி, மறுபடி முன்வளையத்துக்கே வரும்படி அதைப் பூட்டினார். இப்போது கால் பக்கவாட்டில் அசையாது. பாதத்தைத் திருப்பினால் கட்டையும் திரும்பும். குதித்தால் கட்டை கழன்று பறக்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குதிகாலை அவர் கட்டையோடு அழுத்தி வைத்துக் கட்டவில்லை. முறுக்கிய கிளைக்கு வளைந்துகொடுக்கும் தன்மை உண்டு. நடக்கும்போது குதிகால் எழும்பும், இறங்கும்போது பிடித்துக்கொள்ளும். இறுக்கமாகக் கட்டினால் மேடு ஏற முடியாது. தளர்வாக விட்டால் பள்ளத்தில் திரும்ப முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம். மலைக்காரனுக்கு அந்தப் பதம் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் இறங்க வேண்டுமானால் முதலில் அவன்தான் ஏறியாக வேண்டும், லிஃப்ட் கிடையாது.

இரண்டாவது மாற்றம் கட்டையிலேயே. முன்னும் பின்னும் அகலமாக, நடுவில் ஒடுங்கி, ஆளுக்கு இடுப்பு இருப்பதுபோல் ஸ்கீயைச் செதுக்கினார். நீளத்தையும் குறைத்தார். இடுப்பு எதற்கு? கோத்தகிரி ரோட்டின் வளைவுகளில் பைக்கைச் சாய்த்தால் வண்டி தானாகவே வளைவுக்குள் போகிறதல்லவா? இடுப்பு ஒடுங்கிய ஸ்கீயை அதன் ஓரத்தில் சாய்த்து எடையைப் போட்டால், கட்டை வில்லாக வளையும். அந்த வில்லின் கோட்டிலேயே ஸ்கீ திரும்பும். இன்று கடைகளில் விற்கும் சரிவில் இறங்கும் ஸ்கீகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஒடுங்கிய இடுப்பு இருக்கிறது.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தானா என்றால், வரலாற்று ஆய்வாளர்கள் அப்படி அடித்துச் சொல்வதில்லை. குதிகாலைப் பிடிக்கும் கட்டுகள் அவருக்கு முன்பே ஆங்காங்கே இருந்திருக்கின்றன. கோவைப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு பம்ப்பின் பாகத்தை நாலு பேர் நாலு விதமாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவர் கைபட்டதுதான் ஊரெங்கும் ஓடும். சோன்ட்ரே கைபட்டது ஓடியது. காரணம், அதைப் போட்டுக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று அவரே செய்து காட்டினார். கூரை, பாறை, மரக்கட்டைக் குவியல் என்று எதிலிருந்தும் குதிப்பார். கம்பை ஊன்றாமல் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவார். ஊர்ப் பிள்ளைகள் அவரைப் பார்த்துப் பழகினார்கள். அப்படிச் சரிவில் வளைந்து இறங்கும் தடத்துக்கு அந்த ஊர்ப் பேச்சில் இருந்த சொல்லில் இருந்துதான் இன்றைய ஸ்லாலோம் என்ற சொல் வந்தது.

42 வயதில் தலைநகருக்கு

1866-ல் பக்கத்து ஊரான ஹொய்டால்ஸ்மோவில் பரிசுகளோடு ஒரு ஸ்கீ குதிப்புப் போட்டி நடந்தது. அதில் சோன்ட்ரே கலந்துகொண்டார். ஆனால் பெயர் வெளியே தெரிந்தது 1868 பிப்ரவரியில்.

அப்போது கிறிஸ்டியானியா என்று அழைக்கப்பட்ட இன்றைய ஆஸ்லோவில் ஒரு போட்டி அறிவித்தார்கள். மோர்கெடாலில் இருந்து சுமார் 200 கிலோமீட்டர். பஸ் கிடையாது, கையில் காசும் கிடையாது. சோன்ட்ரே தன் ஊர் ஆட்கள் சிலரோடு ஸ்கீயிலேயே கிளம்பினார். கோவையில் இருந்து மதுரை போகிற தூரம், பனியில், காலால். போட்டியில் நின்றபோது அவருக்கு வயது 42. மற்றவர்களில் பலர் அவரில் பாதி வயதுக்காரர்கள்.

நகரத்து ஆட்கள் கம்பை ஊன்றிக்கொண்டு தட்டுத்தடுமாறி இறங்கிய சரிவில் இவர் கம்பில்லாமல் இறங்கினார். குதித்தார். ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி அலுங்காமல் தரை தொட்டார். வேகமாக வந்து சட்டென்று திரும்பி நின்றார். முதல் பரிசு அவருக்கே. தலைநகர்ப் பத்திரிகைகள் கொண்டாடின. அதுவரை நாட்டுப்புறத்து நடைவண்டியாக இருந்தது, அந்த நாளிலிருந்து நகரத்துக்காரர்கள் கற்றுக்கொள்ளத் துடித்த வித்தையாக மாறியது.

1881-ல் மோர்கெடாலைச் சேர்ந்த ஹெம்மெஸ்ட்வெய்ட் சகோதரர்கள், டோர்யுஸும் மிக்யெலும், கிறிஸ்டியானியாவில் ஸ்கீ பள்ளி தொடங்கினார்கள். உலகின் முதல் ஸ்கீ பள்ளி என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1888-ல் ஃப்ரித்யோஃப் நான்சன் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் படித்து ஐரோப்பாவே நார்வேக்கு ஸ்கீ ஆர்டர் கொடுத்தது.

அந்த நேரத்தில் சோன்ட்ரே நார்வேயிலேயே இல்லை.

மலையில்லாத ஊர்

அவர் பிறந்த அதே 1825-ல்தான் நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் முதல் கப்பல் கிளம்பியது. அடுத்த 100 ஆண்டுகளில் சுமார் 8 லட்சம் நார்வேக்காரர்கள் அந்த வழியில் போனார்கள். நிலமில்லாத குடியானவருக்கு அமெரிக்காவில் அரசே நிலம் தருகிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி! 1884-ல், 59 வயதை நெருங்கும்போது, சோன்ட்ரேயும் மனைவி பிள்ளைகளோடு கப்பல் ஏறினார்.

முதலில் மின்னசோட்டா. பிறகு இன்னும் மேற்கே, இன்று வடக்கு டகோட்டா என்று அழைக்கப்படும் பகுதி. அங்கே பனிக்குப் பஞ்சமில்லை. நவம்பர் தொடங்கி மாதக்கணக்கில் கொட்டும். ஆனால் தரை தட்டையாக இருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. உலகத்துக்கே சரிவில் இறங்கக் கற்றுக்கொடுத்தவர், சரிவே இல்லாத நிலத்தில் போய் உட்கார்ந்தார். ஆனாலும் டகோட்டா வீட்டின் கதவோரம் எப்போதும் ஒரு ஜோடி ஸ்கீ சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் என்று சொல்வார்கள். கடைசிக் காலத்தில் பக்தி அதிகமாகி, உள்ளூர் லூத்தரன் தேவாலயக் காரியங்களில் ஈடுபட்டார். 1897 மார்ச் 9-ல், 71 வயதில் இறந்தார். டென்பி என்ற சிற்றூர் அருகே உள்ள தேவாலயக் கல்லறையில் புதைத்தார்கள். பெயர்க்கல் வைக்கவில்லை.

குதிகால் மீண்டும் பூட்டப்பட்ட கதை

அவர் போட்ட கட்டு என்ன ஆனது? அவர் இறக்கும் சமயத்தில் ஸ்கீ ஆல்ப்ஸ் மலைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே சரிவுகள் செங்குத்து, பனி இறுகியது. டெலிமார்க் திருப்பம் மெத்தென்ற பனியில் அழகாக வரும், இறுகிய பனியில் வழுக்கும். ஆஸ்திரியாவின் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, நான்சன் புத்தகத்தைப் படித்துவிட்டு வரவழைத்த நார்வே ஸ்கீயைத் தன் ஊர்ச் சரிவுக்குத் தகுந்தபடி குட்டையாக்கி, இரும்பு பைண்டிங் போட்டுப் பார்த்தார். 1934-ல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஆளை இழுத்துக்கொண்டு மேலே ஏறும் லிஃப்ட் வந்தது. இனி ஏறத் தேவையில்லை என்றால் குதிகால் எதற்கு எழும்ப வேண்டும்? கேபிளை இழுத்துக் குதிகாலைக் கீழே அழுத்திவைக்கும் கந்தஹார் பைண்டிங் அந்தக் காலத்தில்தான் பரவியது.

ஆப்கானிஸ்தானின் கந்தஹாருக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம்? ஃபிரெடரிக் ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் தளபதி 1880-ல் காபூலில் இருந்து கந்தஹாருக்குப் படை நடத்திப் பெயர் வாங்கினார். பிற்காலத்தில் அவர் பெயரால் ஒரு ஸ்கீ கோப்பை, அந்தக் கோப்பையின் பெயரில் ஒரு கிளப், அந்தப் பெயரில் பைண்டிங். இதே ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. ஊட்டியில் தங்கியிருந்தவர். நம்ம நீலகிரியில் அவர் இருந்த அதே ஆண்டுகளில்தான் சோன்ட்ரே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார் என்பது வெறும் தற்செயல்.

டெலிமார்க் முறை கிட்டத்தட்ட மறைந்தேபோனது. ஸ்கீ குதிப்பில் தரை தொடும்போது ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கும் வழக்கம் மட்டும் மிஞ்சியது. குளிர்கால ஒலிம்பிக்ஸ் பார்த்தால் கவனியுங்கள். அதற்கு டெலிமார்க் லேண்டிங் என்றே பெயர். அப்படி இறங்காவிட்டால் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

மறுபடி லேசான கட்டைகள்

1970-களில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் சில இளைஞர்களுக்கு லிஃப்ட் வரிசையில் நிற்பது சலித்துப்போனது. ஆளில்லாத மலைக்குத் தாங்களே ஏறிப்போக நினைத்தார்கள். ஏற வேண்டுமென்றால் குதிகால் எழும்ப வேண்டும். சோன்ட்ரேயின் பழைய திருப்பத்தைத் தோண்டியெடுத்தார்கள். சமவெளிக்கான ஒல்லி ஸ்கீயும், எலிப்பொறி என்று அர்த்தம் தரும் ராட்டெஃபெல்லா பைண்டிங்கும்தான் அவர்கள் கையில் இருந்தவை. 1927-ல் நார்வேயில் வந்த அந்த பைண்டிங், பூட்ஸின் முன்நாக்கை மட்டும் கவ்விப் பிடிக்கும்.

அங்கிருந்து இன்றைய லேசான டெலிமார்க் செட் வரை நடந்ததெல்லாம் அந்தப் பழைய பதத்தைத் தேடிய பரிசோதனைகள்தான். மலைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. காலில் ஒரு கிலோ என்பது முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்குகிறோம், பையை அப்படித் தூக்குவதில்லை. அதனால் எடையைக் குறைக்க முதலில் கை வைப்பது ஸ்கீ, பைண்டிங், பூட்ஸ் மூன்றிலும்தான்.

பழைய கேபிள் பைண்டிங்கில் ஒரு சிக்கல் இருந்தது. மேடேறும்போது குதிகாலைத் தூக்கினால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுக்கும். ஒரு நாளைக்குப் பல ஆயிரம் தடவை அந்த ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். இப்போதைய லேசான வகைகளில் பூட்ஸின் முன்புறத்தை இரண்டு பக்கமும் சின்ன ஊசி முனைகள் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது கேபிளைக் கழற்றிவிட்டால் கதவுக் கீல்போல் பாதம் தடையில்லாமல் எழும்பும். இறங்கும்போது கேபிளைக் குதிகாலில் மாட்டினால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். ஊசி முனைப் பிடிப்பு, ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்த்தெல் 1980-களில் குதிகாலைப் பூட்டும் ஸ்கீகளுக்காக உருவாக்கியது. அதன் பின்பாதியை எடுத்துவிட்டு டெலிமார்க் கேபிளைச் சேர்த்துவிட்டார்கள்.

லேசாக இருந்தால் எல்லாம் நல்லதா? இல்லை. ரொம்ப லேசான ஸ்கீ, மேலே ஓடு கட்டிய பனியில் துள்ளும், நினைத்த கோட்டில் நிற்காது. ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் பின்கால் எங்கோ போகும். விறைப்பாக இருந்தால் முழங்கால் மடங்காது. அதனால் வாங்குவதற்கு முன் ஒரே நாளில் ஏறியும் இறங்கியும் பார்க்க வேண்டும். கடையில் தராசில் வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். இன்னொன்று, டெலிமார்க் பைண்டிங்குகளில் பலவும் விழும்போது தானாகக் கழலாது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் குல்மார்க்கில் இதை முயன்று பார்ப்பது முழங்காலுக்கு ஆகாது.

தீபமும் கல்லறையும்

1952-ல் ஆஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தது. நார்வேக்காரர்கள் சுடருக்காகக் கிரீஸின் ஒலிம்பியாவுக்குப் போகவில்லை. மோர்கெடாலில் சோன்ட்ரே பிறந்த குடிலின் அடுப்பில் தீ மூட்டி, அதிலிருந்து தீபத்தை ஏற்றினார்கள். ஸ்கீ வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றி, 200 கிலோமீட்டருக்கு மேல், அதை ஆஸ்லோ கொண்டுபோனார்கள். 1868-ல் அவர் காசில்லாமல் போன அதே தலைநகரம். 1960-ல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடந்த போட்டிக்கும் அந்த அடுப்பிலிருந்தே தீ போனது.

அப்போதும் டகோட்டாவில் அவருடைய கல்லறையில் பெயர் இல்லை. 1966-ல்தான் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். பின்னாளில் மோர்கெடாலில் அவருக்குச் சிலை வந்தது. அதன் பிரதி ஒன்று, காலில் ஸ்கீயோடு, வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரப் பூங்காவில் நிற்கிறது.